பதினான்கு முறை ‘பிறகு’

கணக்கு டீச்சர் அந்தக் கடைக்குள் வரும்போதே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் வந்தார். கீழே கையெழுத்துப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

"கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். கண்டுபிடிச்சாச்சு. என் கொழுந்தன்தான். நீங்க அதை நிரூபிச்சுக் குடுங்க, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அது செல்போன் பழுதுபார்க்கும் கடை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, பின்பக்கம் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நிதானம். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களுக்குள் நடந்து, தானாக எரிந்ததா, எரித்தார்களா என்று சொல்லி ஓய்வு பெற்றவர். வீடே பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவருடைய மனைவி அங்கலாய்ப்பதுண்டு. நிதானம் என்ற பெயர் அப்படி வந்தது. கடைக்குச் சொந்தக்காரன் அந்த மனைவியின் தம்பி. அவனுக்கு ஊர் வைத்த பெயர் அவசரம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

"உக்காருங்கம்மா, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் நிதானம்.

டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பதினொரு வருடமாக இறுதித் தேர்வுக் கணக்கு வினாத்தாளைத் தயாரிப்பவர் அவர்தான். தேர்வு அலுவலகம் நம்பிக் கொடுக்கும் வேலை. இந்த வருடம் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வினாத்தாள் ஊரில் இருக்கும் எல்லா போனுக்கும் போய்ச் சேர்ந்தது. தேர்வு ரத்து. அச்சகத்தில் கசிந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பதினேழாம் கேள்வியில் ஒரு கோணத்தைத் தப்பாக அடித்திருந்தார். கடைசிப் பிரதியில் அதைத் திருத்திவிட்டார். வெளியே போன தாளில் அந்தத் தப்பு அப்படியே இருந்தது. ஆகவே அது அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த வரைவுதான்.

"திங்கட்கிழமை கடைசி விசாரணை. நானே வித்துட்டேன்னு முடிவு பண்ணினா வேலை போயிடும். பேரு ஏற்கெனவே போயாச்சு. தெருவுல பசங்களோட அம்மாங்க என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கறாங்க."

"கொழுந்தன்னு எப்படிச் சொல்றீங்க?"

"விசாரணைக்கு வந்தவங்க பாத்தாங்க சார். அந்த வியாழக்கிழமை ஃபைலைத் திறந்த நேரம் பதினொண்ணு அஞ்சுன்னு கம்ப்யூட்டரே காட்டுது. நான் பள்ளிக்கூடத்துல. வீட்டுக்காரர் ஆபீஸ்ல. கொழுந்தன் மாமனாரைக் கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு சரியா பதினொண்ணுக்கு வீட்டுக்கு வந்திருக்கான். மாமனாருக்குக் கண்ணும் சரியில்ல, காலும் சரியில்ல. வேற யாரு?"

"பாத்தீங்களா அத்தான்!" என்று அவசரம் துள்ளினான். "வந்த அஞ்சாவது நிமிஷம் கை வெச்சுட்டான்!"

நிதானம் அவனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"எனக்கும் முதல்ல தோணல" என்றார் டீச்சர். "எங்க உதவித் தலைமையாசிரியர்தான், வெளிய தேடாதீங்க டீச்சர், வீட்டுக்குள்ள பாருங்கன்னு கண்ணைத் திறந்தார். அன்னிக்கே அவனைத் துணிமணியோட வெளிய அனுப்பிட்டேன். ஒண்ணாம் தேதி ஒரு கூரியர் கம்பெனியில சேர இருந்தான். அங்கயும் போன் போட்டு, இவன் திருடன், சேக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பல நாள் பசிக்குப் பிறகு சாப்பிட்டவர் முகத்தில் வருவது போன்ற திருப்தி.

"கொஞ்சம் சீக்கிரமா பண்ணிட்டீங்களோ?" என்றார் நிதானம்.

"என் வயிறு எரியுது சார். உங்களுக்கு எரிஞ்சாத் தெரியும்."

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். மச்சான் இரண்டு தடவை அவசரப்படுத்தியும் நிதானம் தன் நடையிலேயே வந்து மணியடித்தார். கதவைத் திறந்த டீச்சர், "சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துட்டீங்க" என்றார். கூடத்துச் சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. அவசரத்துக்கு அது கண்ணிலேயே படவில்லை. நிதானம் அதை ஒரு தடவை பார்த்தார்.

கூடத்தின் மூலையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். சின்ன மகன் வெளியே போன நாளிலிருந்து மருமகள் கொடுக்கும் டீயை வாங்கிக் குடிக்கிறார், ஆனால் பேசுவதில்லை. டீச்சரின் கணவர் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக் கூட மாற்றாமல், யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இரண்டு அறைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் பூட்டு கிடையாது. டீச்சர் மேல் இருந்த பயம்தான் பூட்டு. பதினொரு வருடமாக அந்த வீட்டில் வேறு யாரும் அதன்மேல் தூசு கூடத் தட்டியதில்லை.

அவசரம் திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, இதுக்கு வயசாகி ரொம்ப நாளாச்சு! இந்த மூலையில பாருங்க. புதுப்பிக்கவா, புதுப்பிக்கவான்னு இந்த ஒரு ப்ரோகிராம் மட்டும் பதினாலு தடவை கேட்டிருக்கு."

"கேக்கும். 'பிறகு'ன்னு அமுக்கிடுவேன்."

"பதினாலு தடவையுமா?"

"வினாத்தாள் இருக்கற கம்ப்யூட்டர்ப்பா. புதுசா எதையாவது உள்ள விட்டு, அது எதையாவது அழிச்சுட்டா? டைப் அடிக்கறப்ப நெட் ஒயரைக்கூடப் பிடுங்கிடுவேன். அவ்வளவு ஜாக்கிரதை." பிறகு குரல் இறங்கியது. "அந்த வியாழன் காலைல வருகைப் பதிவு அனுப்ப ஒயரை மாட்டினேன். அதைக் கழட்டவும், கம்ப்யூட்டரை அணைக்கவும் மறந்துட்டுப் போயிட்டேன்."

"இது என்ன ப்ரோகிராம்?" என்றார் நிதானம்.

அவசரம் பொரிந்து தள்ளினான். "தூரத்துல உக்காந்துக்கிட்டு இந்தக் கம்ப்யூட்டரை இயக்கறதுக்கு அத்தான். அங்க இருந்து அம்பை நகத்தினா இங்க நகரும். புதுசுல எல்லாம் திரையில 'உள்ளே விடவா?'ன்னு கேக்கும். இங்க இருக்கறவங்க சரின்னு சொன்னாத்தான் விடும். இந்தப் பழசு கேக்கவே கேக்காது. பழைய கடவுச்சொல் தெரிஞ்சவன் நேரா உள்ள வந்துடலாம்."

"யார் போட்டுக் குடுத்தது?"

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மார்க்கை வீட்டுல இருந்து ஏத்தச் சொன்னாங்க. எனக்குத் தெரியாட்டி பள்ளிக்கூடத்துல இருந்தே பாத்துச் சொல்றதுக்காகப் போட்டாங்க" என்றார் டீச்சர். "உதவித் தலைமையாசிரியர்தான் வந்து போட்டார். அதுக்கப்புறம் நான் அதைத் தொட்டதே இல்ல."

நிதானம் திரையின் ஓரத்திலிருந்த நேரத்தைப் பார்த்தார். "இந்த நேரம் சரியா இருக்குமா?"

"உள்ள பாட்டரி செத்துப்போச்சு சார். கரண்ட் போய் வந்தா தேதி எங்கயோ போயிடும். நெட்ல இருந்து தானா எடுத்துக்கறதும் எப்பவோ நின்னுபோச்சு. நான்தான் வெளிய சுவத்துக் கடிகாரத்தைப் பாத்துத் திருத்துவேன். அந்த வியாழன் காலைலயும் கரண்ட் போச்சு, நானே திருத்தினேன்."

"ஃபைல் எங்க வெச்சிருந்தீங்க?"

டீச்சர், தன் கணவர் இருந்த திசையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தையல் அளவுன்னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள. யாருக்கும் தெரியாது. விசாரணைக்கு வந்தவங்க கிட்டகூட அதைச் சொல்ல வெக்கமாப் போச்சு. அவங்க வர்றதுக்கு முன்னாடியே ஃபைலை வெளிய எடுத்து வெச்சு, அந்த ஃபோல்டரை அழிச்சுட்டேன்."

அதற்குள் அவசரம் ப்ரோகிராமின் குடலைக் கிளறிக்கொண்டிருந்தான். திடீரென்று கத்தினான். "அத்தான்! இது தனக்குன்னு ஒரு நாட்குறிப்பு வெச்சிருக்கு! அதே வியாழக்கிழமை, பதினொண்ணு ரெண்டுல இருந்து பதினொண்ணு ஒம்பது வரைக்கும் வெளியில இருந்து ஒருத்தன் உள்ள வந்திருக்கான். அங்க இருந்த மெஷின் பேரு, அலுவலகம் ரெண்டு." கை அதற்குள் நீக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. "முதல்ல இந்தச் சனியனை எடுத்துடறேன்."

நிதானம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பது வருடத்தில் அவர் இவ்வளவு வேகமாக எதையும் செய்ததாக மச்சானுக்கு ஞாபகமில்லை.

"எரிஞ்ச குடோன்ல கிடக்கற தீப்பெட்டியை யாராவது கூட்டித் தள்ளுவாங்களா? நெட் ஒயரை மட்டும் பிடுங்கு. திங்கட்கிழமை வரைக்கும் இது இப்படியே இருக்கணும்."

டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. "அலுவலகம் ரெண்டுங்கறது எங்க பள்ளிக்கூட மெஷின். தலைமையாசிரியர், கிளார்க், உதவித் தலைமையாசிரியர், மூணு பேர்கிட்ட அந்த அறைச் சாவி இருக்கு. ஆனா பதினொண்ணு அஞ்சுக்கு மூணாவது பீரியட் நடந்துட்டிருக்கும் சார். தலைமையாசிரியர் அன்னிக்கு லீவு. மத்த ரெண்டு பேரும் வேலையில இருந்திருப்பாங்க."

"இடைவேளை எப்போ?"

"பத்து நாப்பதுல இருந்து பதினொண்ணு."

நிதானம் தலையாட்டினார்.

கொழுந்தன் ஒரு டயர் கடையின் மாடியில், நண்பனின் அறையில் இருந்தான். இருபத்தாறு வயது. வாங்கி வைத்த புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் ஆணியில் தொங்கியது. வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"நான் எடுக்கலைன்னு நீங்க நிரூபிச்சா எனக்கு என்ன கிடைக்கும் சார்?"

"ஒண்ணும் கிடைக்காது. யார் பண்ணினதுன்னு தெரியும்."

"அது போதும். கேளுங்க."

"அந்த வியாழக்கிழமை?"

"பத்து இருவதுல இருந்து பத்து அம்பது வரைக்கும் அப்பாவுக்குக் கால் பயிற்சி. அங்க நோட்டுல கையெழுத்துப் போடணும், போட்டிருக்கேன். மெதுவா நடத்திக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுப் படியேறறப்ப என் போன்ல பதினொண்ணு."

"அந்தக் கம்ப்யூட்டரை நீ தொட்டதே இல்லையா?"

"தொட்டதில்ல. பாத்திருக்கேன்." அவன் சிரித்தான், அது சிரிப்பாக இல்லை. "ரெண்டு மாசம் முன்னாடி அந்த அறை வழியாப் போறப்ப, யாருமே இல்லாம அம்பு தானா நகந்துச்சு. அண்ணி வந்ததும் சொன்னேன். பழைய ப்ரோகிராம் ஏதோ கிடக்கு, எடுத்துடுங்க, இல்ல புதுசாவது பண்ணுங்கன்னு கெஞ்சினேன். 'என் கம்ப்யூட்டரை நீ எதுக்கு எட்டிப் பாத்தே?'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அப்புறம் வினாத்தாள் வெளிய போனதும், அன்னிக்கே வேவு பாத்தவன்தானேன்னு அதையும் எனக்கு எதிரா எடுத்துக்கிட்டாங்க."

கீழே இறங்கும்போது அவசரம் வாயை மூடிக்கொண்டு வந்தான். தெருமுனை வந்ததும், "பாவம் அத்தான்" என்றான். நிதானம், பயிற்சிக் கூடத்துக்குப் போய் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவனை அனுப்பினார். கையெழுத்தும் நேரமும் கொழுந்தன் சொன்னபடியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். டீச்சருக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் போல உதவித் தலைமையாசிரியர் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா, எல்லோரையும் ‘பாவம்’ என்று பார்க்கும் ஒரு பார்வை. மாமனார் தன் மூலையில். கணவர் வழக்கம்போல நடுவில். கொழுந்தன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டான்.

"வினாத்தாளை எடுத்தவன் இந்த அறையிலதான் இருக்கான்" என்று ஆரம்பித்தார் நிதானம். "ஃபைலைத் திறந்த நேரம், கம்ப்யூட்டர் கணக்குப்படி, பதினொண்ணு அஞ்சு."

"அந்த நேரத்துக்கு நான் ஒம்பதாம் வகுப்புல பாடம் நடத்திட்டிருந்தேன்" என்றார் உதவித் தலைமையாசிரியர். "நாப்பது பசங்க சாட்சி."

"உங்களை யாரும் கேக்கலையே சார்" என்றான் அவசரம். நிதானம் விரலை உயர்த்தினார். அவன் அடங்கினான்.

"டீச்சர், இப்ப மணி என்ன?"

டீச்சர் சுவரைப் பார்த்தார். கடிகாரம் பத்து இருபத்தைந்து காட்டியது. "பத்து அஞ்சு" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அதேதான்" என்றார் நிதானம். "வெள்ளிக்கிழமை நாங்க நாலரைக்கு வந்தோம். கடிகாரம் நாலு அம்பது. நீங்க, சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்கன்னீங்க. இந்தக் கடிகாரம் இருவது நிமிஷம் வேகமா ஓடுது. எதுக்கு?"

கணவர் குற்றவாளி மாதிரி கையைத் தூக்கினார். "எனக்காகத்தான். காலை வண்டியை அடிக்கடி விட்டுடுவேன். கல்யாணமான வருஷமே இவ தள்ளி வெச்சுட்டா. பழகிப்போச்சு. எல்லாருமே மனசுல இருவதைக் கழிச்சுத்தான் சொல்லுவோம்."

"மனுஷங்க கழிப்பீங்க. கம்ப்யூட்டர் கழிக்காது. அந்த வியாழன் காலைல டீச்சர் இதைப் பாத்துத்தான் அதுல நேரம் வெச்சாங்க. அவசரத்துல சுவத்துல இருந்ததை அப்படியே அடிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமையும் ரெண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டுச்சு. அப்போ கம்ப்யூட்டரோட பதினொண்ணு அஞ்சுங்கறது உண்மையில பத்து நாப்பத்தஞ்சு. அந்த நேரத்துக்கு இந்தத் தம்பி எங்க இருந்தான்? பயிற்சிக் கூடத்துல, அப்பா காலைப் பிடிச்சுக்கிட்டு. நோட்டுல கையெழுத்து இருக்கு. வீடு பூட்டிக் கிடந்துச்சு. பூட்டின வீட்டுக்குள்ள ஃபைலைத் திறந்தவன் வாசல் வழியா வரல, ஒயர் வழியா வந்தான். உங்க பள்ளிக்கூட அலுவலகத்துல இருந்து. பத்து நாப்பத்தஞ்சுக்கு அங்க இடைவேளை."

டீச்சர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

உதவித் தலைமையாசிரியர் சிரித்தார். "நல்லாக் கதை சொல்றீங்க. இடைவேளையில கிளார்க்கும்தான் அங்க இருந்தார். சாவி அவர்கிட்டயும் இருக்கு. சும்மா என்னைப் பாத்துப் பேசறீங்க. வினாத்தாளைத் தையல் அளவுன்னு பேர் போட்டு ஒளிச்சு வெச்சா, நான் எங்க போய்த் தேட முடியும்?"

கணவர் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

"தையல் அளவா?" என்றார் கணவர். "அது என்ன?"

"கட்டின புருஷனுக்கே தெரியாத பேரு" என்றார் நிதானம். "விசாரணை அறிக்கையிலயும் கிடையாது. அவங்க வர்றதுக்கு முன்னாடியே அழிச்சாச்சு. அந்தப் பேரைப் பாத்தவங்க உலகத்துலயே ரெண்டு பேர்தான். ஒருத்தர் அதை வெச்சவங்க."

உதவித் தலைமையாசிரியரின் முகத்திலிருந்த ‘பாவம்’ அப்போதுதான் கழன்றது. அடியில் இருந்த முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

"நாலு வருஷம்" என்றார் டீச்சரைப் பார்த்து. "என் தங்கச்சி பையன் தாள்ல நான் மார்க்கைத் திருத்தினதை நீங்க மேலிடத்துக்கு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு கடுதாசி. தலைமையாசிரியர் நாற்காலி எனக்கு வந்திருக்கணும். நாலு வருஷமா அதுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உக்காந்து தேஞ்சுட்டிருக்கேன். உங்களுக்கு அது மறந்தே போச்சு, இல்ல? மாசம் ஒரு தடவை பாப்பேன், கதவு இன்னும் திறக்குதான்னு. ஒவ்வொரு மாசமும் திறந்துச்சு. எந்த மாசமாவது நீங்க அதைப் புதுசு பண்ணியிருந்தா நான் போட்டு வெச்ச கடவுச்சொல் செத்திருக்கும். நீங்க பண்ணவே இல்ல."

"இப்ப நான் பண்றேன் பாருங்க" என்றார் டீச்சர். "நாளைக்கு உங்க பேரு, உங்க மெஷின் பேரு, உங்க தங்கச்சி பையன் பேரு, எல்லாத்தையும் அந்த மேசையில வெக்கறேன். அந்த நாற்காலியும் உங்களுக்கு இருக்காது, பக்கத்து நாற்காலியும் இருக்காது. தெருவுல நடக்க விடமாட்டேன் உங்களை."

"சொன்னது முழுக்க என் போன்ல பதிஞ்சிருக்கு" என்றான் அவசரம், வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில்.

உதவித் தலைமையாசிரியர் எழுந்து போனார். யாரும் தடுக்கவில்லை. வாசலில் கொழுந்தன் விலகி வழிவிட்டான், ஆனால் கொஞ்சம் தாமதமாக விலகினான்.

அப்போதுதான் டீச்சர் வாசலைப் பார்த்தார். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எல்லாம் ஆள் மாறிப்போய்க் கொட்டப்பட்டது அவருக்கு இப்போது தெரிந்தது. "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "தப்புதான். உள்ள வா."

"கூரியர் கம்பெனிக்குப் போன் போடுங்க அண்ணி. என் முன்னாடி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

டீச்சர் போன் போட்டார். மேலாளர் எடுத்தார். அன்றைக்குத் திருடன் என்று சொன்ன அதே வாயால், நான் சொன்னது பொய், அவன் நல்லவன், தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டது. பிறகு, "அந்த எடத்துக்கு வேற ஆள் சேர்ந்து ரெண்டு வாரம் ஆச்சும்மா" என்றது. போன் வைக்கப்பட்டது.

மாமனார் தன் மூலையிலிருந்து மூன்று வாரத்துக்குப் பிறகு மருமகளிடம் பேசினார். "கேட்டுச்சாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

கொழுந்தன் நிதானத்தைப் பார்த்தான். "நாளைக்கு என் சாட்சி வேணுமா சார்?"

"கண்டிப்பா வேணும். நீ எங்க இருந்தேன்னு நீ சொன்னாத்தான் கட்டு இறுகும். நீ வரலைன்னா அவர் ஏதாவது ஓட்டை தேடுவார்."

"வரேன்."

டீச்சர் கை கூப்பாத குறையாக அவனருகே போனார். "ரொம்ப நன்றிப்பா. ஆனா அந்த அம்பு நகந்தது... ரெண்டு மாசம் முன்னாடி நீ எங்கிட்ட சொன்னது... அது வேண்டாமே? அது தெரிஞ்சா எச்சரிச்சும் கேக்காம அலட்சியமா விட்டேன்னு ஆயிடும். வேலை தப்பும், ஆனா வினாத்தாள் பொறுப்பு ஆயுசுக்கும் எனக்குக் கிடைக்காது. பதினோரு வருஷம்ப்பா."

அவன் அண்ணியை வெகுநேரம் பார்த்தான். அவசரம் அத்தானின் முகத்தைப் பார்த்தான். அத்தான் தரையைப் பார்த்தார்.

"பொய் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணி. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன்" என்றான் கொழுந்தன். "ஒரு வார்த்தை குறைக்கவும் மாட்டேன்."

பிறகு உள்ளே வராமலேயே அப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.